லெதர் சீட்டுக்கு கண்டிஷனர் போட்டா பளபளக்கணுமா?

கார் லெதர் சீட்டுக்கு, காய்ஞ்சு விறைக்காம இருக்கத் தடவுற கண்டிஷனரைப் போட்டு முடிச்சதும் முக்கால்வாசி பேர் பண்ற காரியம், ரெண்டு அடி தள்ளி நின்னு பளபளன்னு வந்துருக்கான்னு பாக்குறது. வந்துருந்தா சந்தோஷம், வரலைன்னா இன்னொரு கை அப்புறது. சீட்டு கெட ஆரம்பிக்கிறது பெரும்பாலும் அந்த இன்னொரு கையில தான். புதுசா ஷோரூம்ல நிக்கிற காரோட லெதர் சீட்டை ஒரு தடவை குனிஞ்சு உத்துப் பாருங்க, பளபளப்புன்னு ஒண்ணும் பெருசா இருக்காது. மங்கலா, வெளிச்சம் பட்டா கண்ணுல அடிக்காம, தொட்டா சொரசொரப்பும் இல்லாம வழுக்கலும் இல்லாம இருக்கும். அந்த நிலைமைக்குத் திரும்பக் கொண்டு வர்றதுக்குப் பேரு தான் கண்டிஷனிங். நல்லாப் போட்ட கண்டிஷனர் போட்ட மாதிரியே தெரியாது, இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

இது ஏன் இப்படின்னு புரியணும்னா லெதர்னா என்னன்னு கொஞ்சம் தெரியணும். தோல்ங்கிறது கொலாஜன்னு சொல்ற புரத நார்கள் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்குற ஒரு கனமான வலை. பச்சைத் தோலை அப்படியே விட்டா அழுகிடும், காய வச்சா பலகை மாதிரி விறைச்சுப் போயிடும். அதனால தான் அதைப் பதனிடுறாங்க. ஆயிரக்கணக்கான வருஷமா மரப்பட்டைச் சாறுல ஊறவச்சுப் பண்ணிட்டு இருந்தாங்க, 19ஆம் நூற்றாண்டு கடைசியில குரோமியம் உப்பு வச்சுப் பதனிடுறது வந்துச்சு, இன்னைக்கு உலகத்துல பெரும்பாலான லெதர் அந்த வழியில தான் வருது. காருக்குப் போற லெதர்ல குரோமியமே இல்லாம பதனிடுறதும் நிறைய உண்டு, ஏன்னா வெயில்ல சூடாகிச் சுருங்குறது அதுல கம்மி.

பதனிட்டு முடிச்சதும் ஒரு வேலை நடக்கும், நம்ம விஷயத்துக்கு அது தான் முக்கியம். பெரிய உருளை டிரம்ல தோலைப் போட்டு, எண்ணெயைத் தண்ணியோட பால் மாதிரி கலந்து ஊத்தி, மணிக்கணக்கா சுத்த விடுவாங்க. அந்த எண்ணெய் நாருக்கும் நாருக்கும் நடுவுல போய் உக்காந்துக்கும், அதனால நார்கள் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டாம நழுவும், லெதரை மடக்குனா மடங்கும், விட்டா பழையபடி நிமிரும். நம்ம கையில படுற அந்த மென்மை முழுக்க இந்த எண்ணெயும் லெதர் தனக்குள்ள எப்பவும் வச்சிருக்கிற கொஞ்சம் ஈரப்பதமும் சேர்ந்து குடுக்கிறது தான். வருஷக்கணக்கா வெயில்ல காய்ஞ்சா ரெண்டும் குறையும், நார் ஒட்டிக்கும், லெதர் விறைக்கும்.

அப்போ கண்டிஷனரைப் போட்டா அந்த எண்ணெய் திரும்ப உள்ள போயிடும் இல்லையான்னு கேப்பீங்க. பாட்டில்ல எழுதிருக்கிறதும் அப்படித் தான் இருக்கும், ஆழமா ஊடுருவி ஊட்டம் தரும்னு. ஆனா இடையில ஒரு சுவர் இருக்கு.

இன்னைக்கு வர்ற கார் சீட்ல பெரும்பாலானது நிறப்பூச்சு அடிச்ச லெதர். அதாவது தோல் மேல முதல்ல கலர் கலந்த ஒரு பூச்சு, அதுக்கு மேல நிறமில்லாத டாப் கோட், பெரும்பாலும் பாலியூரித்தேன்ங்கிற பிளாஸ்டிக். லெதர் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல கனம்னா, இந்தப் பூச்சு எல்லாம் சேர்த்தே அதுல பத்துல ஒரு பங்கு கூட வர்றது கஷ்டம், ஆனா அது ஒரு முழு பிலிம். நீங்க தினமும் தொடுறதும் உக்கார்றதும் அந்த பிலிம் மேல தான், தோல் மேல இல்ல. லெதர்ல ஃபினிஷ்னு சொன்னா தொழில்ல இருக்கிறவங்க சொல்றது இந்தப் பூச்சைத் தான். தண்ணி சிந்துனா துடைச்சு எடுக்க முடியுது, ஜீன்ஸ் உரசி உரசி வருஷக்கணக்கா தாங்குதுன்னா அந்தப் பூச்சு இருக்கிறதால. தண்ணியவே உள்ள விடாத ஒண்ணு கண்டிஷனரை மட்டும் எப்படி வழி விட்டுக் கும்பிடும்?

இன்னொரு வகை இருக்கு, அனிலின் லெதர். அதுல பூச்சு இருக்காது, இல்லன்னா பேருக்கு இருக்கும், சாயம் தோலுக்குள்ளயே ஊறிருக்கும், தோலோட ரேகை, தழும்பு எல்லாம் அப்படியே தெரியும். தொட்டா அவ்ளோ அருமையா இருக்கும், ஆனா ஒரு சொட்டு எண்ணெய் பட்டா கறை. விலை அதிகமான சில கார்ல இதையோ, லேசாப் பூச்சு குடுத்த செமி அனிலினையோ பாக்கலாம்.

உங்க சீட் எந்த வகைன்னு பாக்குறது ரொம்ப சுலபம். கண்ணுல படாத ஒரு மூலையில விரல் நுனியால ஒரு சொட்டுத் தண்ணி வைங்க, ஒரு நிமிஷம் பொறுங்க. முத்து மாதிரி நின்னுச்சுன்னா பூச்சு இருக்கு. மெதுவா உள்ள இறங்கி அந்த இடம் கருத்துச்சுன்னா ஒண்ணு அது அனிலின், இல்ல அந்த இடத்துல பூச்சு தேய்ஞ்சு போச்சு. இந்தச் சோதனையை டிரைவர் சீட்ல இறங்கி ஏறும்போது தொடை உரசுற அந்த வெளிப்பக்க மேடு இருக்கில்ல, அங்கயும் ஒரு தடவை பண்ணிப் பாத்துருங்க, மொத்த சீட்லயும் முதல்ல போறது அந்த இடம் தான்.

இப்போ பளபளப்புக்கு வருவோம். டாப் கோட்ல மினுக்கத்தை அடக்குறதுக்குன்னே சிலிக்கா மாதிரி நுண்ணிய தூள் கலப்பாங்க. அதனால மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மேடுபள்ளமா இருக்கும், விழுற வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும், மங்கலாத் தெரியும். அந்தப் பள்ளம் எல்லாம் ஏதாவது ஒண்ணால ரொம்பிருச்சுன்னா மேற்பரப்பு சமமாயிடும், வெளிச்சம் ஒரே திசையில திரும்பும், பளபளன்னு இருக்கும். ரொப்புறது எதுன்னு பாத்தா ஒண்ணு வேர்வை, உடம்பு எண்ணெய், தூசு சேர்ந்த அழுக்கு. இல்ல துடைக்காம விட்ட கண்டிஷனர். ரெண்டும் இல்லன்னா அந்த மேடே உரசி உரசித் தேய்ஞ்சு தட்டையாப் போயிருக்கணும். ஆக, பளபளக்குற லெதர் சீட்டைப் பாத்தா நான் முதல்ல நினைக்கிறது, இது எத்தனை நாள் கிளீன் பண்ணாம இருக்குன்னு தான்.

எங்க சித்தப்பா கார்ல இதை நேராப் பாத்தேன். வெளிர் பழுப்பு சீட், பத்து வருஷக் கார், மாசம் ஒரு தடவை எதையாவது போட்டுத் துடைச்சுட்டே இருப்பாரு, கண்ணாடி மாதிரி மின்னும், அதுல அவருக்கு ரொம்பப் பெருமை. ஒரு நாள் நான் சொல்லி, டிரைவர் சீட்ல முதுகு சாயுற இடத்துல சரி பாதியை மட்டும் லெதர் கிளீனர் வச்சுத் தேய்ச்சேன். நுரை மொதல்ல வெள்ளையாத் தான் இருந்துச்சு, பத்து சுத்து பிரஷ் ஓட்டுனதும் சாம்பல் நிறமாச்சு, அப்புறம் காபிக் கலருக்கே போயிருச்சு. வெள்ளைத் துண்டை வச்சு ஒத்தி எடுத்தா லெதர்ல இருக்கிற ரேகை அப்படியே பழுப்புல துண்டுல அச்சாயி வந்துச்சு. காய்ஞ்சதும் பாத்தா நடுவுல கோடு கிழிச்ச மாதிரி, இந்தப் பக்கம் மங்கலா வெளிர் கலர், அந்தப் பக்கம் ரெண்டு ஷேடு கருத்துப் பளபளப்பு. சித்தப்பா ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் தடவிப் பாத்துட்டு, "ஏம்ப்பா, இத்தனை நாளும் அழுக்கைத் தான் தொடச்சுத் தொடச்சு மெருகேத்திட்டு இருந்துருக்கனா?"ன்னாரு. அவரு மேல தப்பு இல்ல, அவருக்கு யாரும் கிளீனிங் வேற கண்டிஷனிங் வேறன்னு சொன்னதே இல்ல.

அதனால வரிசை இது தான், முதல்ல சுத்தம், அப்புறம் தான் கண்டிஷனர். அழுக்கு மேல கண்டிஷனர் போட்டா அழுக்கை எண்ணெய்ல குழைச்சு ஒட்டி வைக்கிற மாதிரி, கொஞ்ச நாள்ல பிசுபிசுன்னு ஆயிடும். அந்த அழுக்குல இருக்கிற பொடி மணல் ஒவ்வொரு தடவை நீங்க ஏறி இறங்கும்போதும் உப்புத்தாள் மாதிரி டாப் கோட்டை அரைக்கும். உண்மையைச் சொல்லணும்னா பூச்சு இருக்கிற லெதர்ல சுத்தம் பண்றது தான் எண்பது பங்கு வேலைன்னு நான் சொல்லுவேன், கண்டிஷனர் மீதி தான்.

சுத்தம் பண்ணும்போது முதல்ல வேக்கும் கிளீனர் போட்டு மடிப்புக்குள்ள, தையல் ஓரத்துல இருக்கிற மண்ணை எடுத்துருங்க, அது உள்ள இருக்கும்போதே தேய்ச்சா கீறல் விழும். லெதருக்குன்னு விக்கிற கிளீனரை எடுத்து நேரா சீட் மேல அடிக்காம பிரஷ்ல விட்டுக்கோங்க, மென்மையான நார் பிரஷ் போதும், அமுக்காம வட்டமா ஓட்டுங்க, ஒரு சாண் இடத்துக்கு மேல ஒரே நேரத்துல வேண்டாம், நுரை காயறதுக்குள்ள ஈரத் துணியால துடைச்சு எடுக்கணும். லெதர் இயல்பாவே லேசா அமிலப் பக்கம் இருக்கிற பொருள், துணி துவைக்கிற பவுடர், சோப்பு எல்லாம் காரப் பக்கம், அதனால தான் அதெல்லாம் வேண்டாம்ங்கிறது. தின்னர், ஆல்கஹால் இருக்கிற கை துடைக்கிற சானிடைசர் இந்த மாதிரி சமாச்சாரம் பூச்சையே இளக்கிடும். இன்னொண்ணு, வெள்ளையா லேசா இருக்குமே மெலமைன் ஸ்பாஞ்ச், சுவத்துக் கறையெல்லாம் ஒரே இழுப்புல எடுக்குமே, அது சீட் கறையையும் எடுக்கும், நம்பிடாதீங்க. அது கறையைக் கரைக்கிறது இல்ல, ரொம்ப நைஸான உப்புத்தாள் மாதிரி மேற்பரப்பையே சீவி எடுக்குது. ஒரு இடத்துல தேய்ச்சீங்கன்னா அந்த இடம் மட்டும் வேற மினுக்கத்துல தனியாத் தெரியும், அதைத் திரும்ப மாத்த முடியாது.

சரி, பூச்சுக்கு மேல போடுற கண்டிஷனர் உள்ள போகாதுன்னா எதுக்குப் போடணும்? நியாயமான கேள்வி. ஒண்ணு, அது டாப் கோட் மேல ரொம்ப மெல்லிசா ஒரு வழவழப்பு குடுக்குது, துணி உரசுற உராய்வு குறையுது, லெதரும் லெதரும் உரசி வர்ற கிரீச் சத்தம் குறையுது, அடுத்த தடவை அழுக்கு சுலபமா வருது. ரெண்டாவது, பூச்சு எல்லா இடத்துலயும் முழுசா இருக்காது, தையல் ஓட்டை, காத்து வர்றதுக்கு போட்ட குட்டிக் குட்டி ஓட்டை, மடிப்புல விழுந்த மயிரிழை விரிசல் இது வழியா கொஞ்சம் ஈரமும் எண்ணெயும் உள்ள போகத் தான் செய்யும், அந்த விரிசல் ஓரம் காய்ஞ்சு இன்னும் பிளக்காம இருக்க அது உதவும். அவ்ளோ தான். அனிலின்ல கதையே வேற, அங்க உண்மையிலயே ஊறும், உண்மையிலயே வேலை செய்யும்.

கண்டிஷனர் வாங்கும்போது பால் மாதிரி தண்ணியா இருக்கிறதைப் பாத்து வாங்குங்க. எண்ணெயைத் தண்ணில கலந்து வச்ச கலவை அது, செம்மறி ஆட்டு ரோமத்துல இருந்து எடுக்குற லனோலின், மாட்டுக் கால் எலும்புல இருந்து எடுக்குற எண்ணெய் இப்படி ஏதாவது கொஞ்சம் இருக்கும், தண்ணி ஆவியாப் போனதும் மெல்லிசாத் தங்கும், மங்கலாவே முடியும். கெட்டியா மெழுகு, எண்ணெய் அதிகமா இருக்கிற கிரீம் பூட்ஸுக்கும் குதிரைச் சேணத்துக்கும் நல்லது, கார் சீட்டுக்கு அது மேலயே நிக்கும். டேஷ்போர்டுக்கு அடிக்கிற சிலிக்கான் பாலிஷ் ஸ்பிரேயை மட்டும் சீட் பக்கமே கொண்டு போகாதீங்க. அடிச்ச அன்னைக்கு சூப்பரா மின்னும், வளைவுல திரும்பும்போது உடம்பு வழுக்கும், தூசை இழுக்கும். எல்லாத்தையும் விட, நாளைக்கு அந்த சீட்டுக்குக் கலர் அடிக்க வேண்டி வந்தா அந்த சிலிக்கான் மேல புதுப் பூச்சு ஒழுங்காப் பிடிக்காது, அங்கங்க குழி குழியா விலகும்.

வீட்ல இருக்கிற எண்ணெயைத் தடவலாமான்னு கேக்காத ஆளே இல்ல. வேண்டாம். பூச்சு மேல ஊறாது, ஆவியாவும் போகாது, அப்படியே நிக்கும், துணியில ஏறும், நாளாக நாளாக சிக்கு வாடை அடிக்கும். தேங்கா எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா உறையும், ஏசி போட்ட காருக்குள்ள மடிப்புல வெள்ளை வெள்ளையா நிக்கும்.

போடுற முறை ரொம்ப சின்ன விஷயம், ஆனா அவசரப்பட்டா எல்லாம் போச்சு. வண்டி நிழல்ல இருக்கணும், சீட் தொட்டா குளிர்ச்சியா இருக்கணும், சூடான சீட்ல தண்ணி உடனே பறந்து எண்ணெய் திட்டு திட்டா நின்னுரும். ஒரு ஸ்பாஞ்ச்ல சின்ன நாணயம் அளவு எடுங்க, உக்கார்ற இடத்துல பாதிக்கு அது போதும், பத்தலையேன்னு தோணும், பத்தும். மெல்லிசா இழுங்க. பாட்டில்ல சொன்ன நேரம், பெரும்பாலும் பத்து பதினஞ்சு நிமிஷம், அப்படியே விடுங்க. அப்புறம் காய்ஞ்ச சுத்தமான மைக்ரோஃபைபர் துணியை நாலா மடிச்சு, மிச்சம் இருக்கிறது எல்லாத்தையும் துடைச்சு எடுங்க. ஒரு பக்கம் ஈரமானதும் துணியைத் திருப்பிக்கணும், அதே பக்கத்துல துடைச்சா எடுத்ததையே திரும்பப் பூசுவீங்க. இந்தக் கடைசித் துடைப்பு தான் ஃபினிஷைத் தீர்மானிக்குது. துடைச்சு முடிச்சாச்சான்னு பாக்க ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை சீட் மேல வச்சு உள்ளங்கையால நல்லா அழுத்தி எடுங்க, பேப்பர்ல எண்ணெய்க் கறை மாதிரி கண்ணாடித் திட்டு தெரிஞ்சா இன்னும் மிச்சம் இருக்கு.

ஓட்டை போட்ட சீட்டா இருந்தா இன்னும் கஞ்சத்தனமாப் போடணும், இல்லன்னா ஒவ்வொரு ஓட்டையிலயும் வெள்ளைப் புள்ளியா அடைச்சு நிக்கும், பல்குச்சியை வச்சு ஒவ்வொண்ணா எடுக்கணும், நான் எடுத்துருக்கேன், ஒரு சீட்டுக்கு ஒரு மணி நேரம். சீட் பக்கவாட்டுல ஏர்பேக்னு பட்டி தைச்சிருந்தா அந்தத் தையலை நனைக்காதீங்க. அல்கான்டரா, ஸ்வேட் (suede) மாதிரி முடி முடியா இருக்கிற பரப்புக்குக் கண்டிஷனரே கூடாது, அல்கான்டரா லெதரே இல்ல, பாலியஸ்டரும் பாலியூரித்தேனும் சேர்ந்த செயற்கைத் துணி. அதே மாதிரி லெதர் சீட்னு வாங்குன நிறைய கார்ல உடம்பு படுற இடம் மட்டும் தான் லெதர், பக்கவாட்டும் பின்பக்கமும் வினைல், அதாவது நம்ம ரெக்ஸின். அதுக்குள்ள நாரும் இல்ல ஊட்டமும் வேண்டாம், ஈரத் துணியால துடைச்சா போதும்.

போட்டு முடிச்ச உடனே பாத்துத் தீர்ப்பு சொல்லாதீங்க. அப்போ ஈரமா கொஞ்சம் கருத்து, கொஞ்சம் மினுங்கித் தான் இருக்கும். மறுநாள் காலையில, பகல் வெளிச்சத்துல, கதவைத் திறந்து சாய்ஞ்ச கோணத்துல பாருங்க. மங்கலா ஒரே சீரா இருந்தா சரி. மொத்தமா மினுங்குனா அதிகமாயிடுச்சு, மைக்ரோஃபைபரை வெதுவெதுப்பான தண்ணில நனைச்சு இறுக்கிப் பிழிஞ்சு ஒரு தடவை துடைச்சுட்டு, காய்ஞ்ச துணியால இன்னொரு தடவை துடைங்க, அடங்கிடும். கை வச்சா ஒட்டுதுன்னா அடியில அழுக்கு இருந்துருக்கு, திரும்ப கிளீனர்ல இருந்து ஆரம்பிங்க. நான் ரொம்ப உத்துப் பாக்குறது ஒண்ணு இருக்கு, மத்த இடம் எல்லாம் பழைய கலருக்கு வந்துட்டு ஒரு திட்டு மட்டும் கருப்பாவே நிக்குதான்னு. நின்னுச்சுன்னா அந்த இடத்துல கண்டிஷனர் உள்ள இறங்கிருச்சுன்னு அர்த்தம், உள்ள இறங்குச்சுன்னா பூச்சு அங்க போயிருச்சுன்னு அர்த்தம். விரிசல் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே சீட் உங்களுக்குக் காட்டிக் குடுக்குற அடையாளம் அது.

எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னா, பூச்சு இருக்கிற சீட்டுக்கு வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை கண்டிஷனர் போதும், ஆனா துடைக்கிறதை வாரா வாரம் லேசான ஈரத் துணியால பண்ணுங்க. வெளிர் கலர் சீட்னா புது ஜீன்ஸோட நீலச் சாயம் ஏறும், அது டாப் கோட்டுக்குள்ள இறங்குறதுக்குள்ள எடுத்தா வரும், மாசக்கணக்கா விட்டா வராது. வெயில்ல மூடி நிறுத்துன காருக்குள்ள சூடு 60 டிகிரியைத் தாண்டும், அதோட புற ஊதாக் கதிர் வேற பூச்சை வெளுக்க வச்சு மொறுமொறுன்னு ஆக்கும், அதனால முன் கண்ணாடிக்கு ஒரு மறைப்பு வாங்கி வைக்கிறது எந்தக் கண்டிஷனரையும் விட சீட்டுக்கு ஆயுசு குடுக்கும்.

ஏற்கனவே வெடிச்சுப் போன சீட்டைப் பத்தியும் சொல்லிடுறேன், ஏன்னா நிறைய பேர் கண்டிஷனர் வாங்குறதே அதுக்காகத் தான். வெடிச்சது பெயின்ட் பிலிம், அதை எந்த எண்ணெயும் திரும்ப ஒட்டாது. போட்ட அன்னைக்கு விரிசல் ஓரம் கருத்துக் கொஞ்சம் மறைஞ்ச மாதிரி இருக்கும், காய்ஞ்சதும் திரும்பத் தெரியும். அதுக்கு சுத்தம் பண்ணி, லேசாத் தேய்ச்சு, விரிசலை ஃபில்லர் வச்சு ரொப்பி, அதே கலர் கலந்து அடிச்சு, மேல மினுக்கம் இல்லாத டாப் கோட் குடுக்கணும். லெதர் கலர் வேலை தெரிஞ்ச ஆள்கிட்ட காட்டுங்க, அதுக்கு முன்னாடி எண்ணெயைத் தடவி வச்சிடாதீங்க, அதை எடுக்குறது தான் அவருக்கு முதல் வேலையாப் போகும்.